கிடங்கு அவார்டில் ஒரு வெல்டர்: டாண்டெனாங் தொழிற்சாலையில் நடந்த ஒரு சம்பள மீளாய்வு

இந்த நிகழ்வு 2024 ஜூலைக்கும் 2025 நடுப்பகுதிக்கும் இடையில் மெல்பர்னின் தென்கிழக்கில், டாண்டெனாங் பக்கம் நடந்தது. சம்பளக் கணக்குகளை மீளாய்வு செய்பவன் என்ற முறையில் அந்த நிறுவனம் என்னை அழைத்தது. முதலாளியும் கேள்வியை எழுப்பிய தொழிலாளியும் இதை எழுதச் சம்மதித்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் சிறு தொழிற்சாலை வைத்திருக்கும் தமிழர்களும், அவற்றில் வேலை செய்யும் தமிழர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எனக்கு எந்த அவார்டு?"

பின்னணி

அவார்டு என்பது ஒரு தொழில்துறைக்கோ ஒரு வகை வேலைக்கோ குறைந்தபட்சச் சம்பளம், ஓவர்டைம், அலவன்ஸ்கள், ஓய்வு நேரம் எல்லாவற்றையும் வகுக்கும் சட்டபூர்வமான ஆணை. ஆஸ்திரேலியாவின் தேசியத் தொழிலுறவு அமைப்பான ஃபேர் வொர்க் கமிஷன் இதை வெளியிடுகிறது. அவார்டை மீறினால் அது 2009 ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டத்தின் 45 ஆம் பிரிவை மீறுவதாகும். முதலாளியும் தொழிலாளியும் பேசி வைத்துக்கொண்டு அவார்டுக்குக் கீழே போக முடியாது.

நாம் பேசும் நிறுவனம் முதலில் தொழிற்சாலையாகவே இருக்கவில்லை. உணவகச் சமையலறைகளுக்கான பாத்திரங்களையும் சாதனங்களையும் வெளிநாட்டிலிருந்து இறக்கி மொத்த விற்பனை செய்யும் கடையாகத்தான் தொடங்கியது. அப்போது சம்பள மென்பொருளை அமைத்துக் கொடுத்த கணக்காளர், கிடங்கு மற்றும் மொத்த விற்பனைத் துறைக்கான ஸ்டோரேஜ் சர்வீசஸ் அண்ட் ஹோல்சேல் அவார்டைத் தேர்ந்தெடுத்தார். அன்றைய நிலைமைக்கு அது சரி. பொருட்களை வாங்குவது, அடுக்குவது, அனுப்புவது, விற்பது, இவைதான் அந்த அவார்டின் எல்லை.

சில ஆண்டுகளில் வாடிக்கையாளர்கள் தங்கள் சமையலறை அளவுக்கேற்ற எவர்சில்வர் மேசை, புகைக்கூண்டு, கழுவுதொட்டி என்று கேட்கத் தொடங்கினார்கள். முதலாளி ஒரு வெல்டரை வைத்தார். அப்புறம் தகடு வளைக்கும் இயந்திரம் வந்தது, இரண்டாவது வெல்டர் வந்தார், உலோகத்தில் தூள் வண்ணம் பூசும் பவுடர் கோட்டிங் அறை வந்தது. நான் போனபோது 19 பேர் நேரடி ஊழியர்கள். வருமானத்தில் பெரும்பங்கு தாங்களே செய்து விற்ற பொருட்களிலிருந்து வந்தது. இறக்குமதி, ஒரு மூலையில் சிறு அலமாரி வரிசையாகச் சுருங்கியிருந்தது. மென்பொருளில் மட்டும் எல்லோரும் கிடங்கு ஊழியர்களாகவே இருந்தார்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் முந்தையவரின் பதிவை நகலெடுத்துப் பெயரை மாற்றினால் போதும் என்பது அலுவலக வழக்கம்.

கேள்வி எழுந்த விதம்

2024 ஜூலையில், வருமான வரிக் கணக்குக்காகத் தன் பேஸ்லிப்புகளை எடுத்துப் பார்த்த ஒரு வெல்டர் முதலாளியிடம் போனார். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கேயே வெல்டிங்கில் என்.வி.கியூ. (இலங்கையின் தேசியத் தொழிற்தகைமை) 4 ஆம் நிலைச் சான்றிதழ் பெற்றவர். "அண்ணை, என்ர பேஸ்லிப்பில ஸ்டோர்வேர்க்கர் எண்டு கிடக்குது. நான் வெல்டிங் அல்லோ செய்யிறன்?" என்று கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த முதலாளி, "சம்பளம் வாராவாரம் ஒழுங்கா வருதுல்ல தம்பி, அந்தப் பேரை ஏன் பாக்கறீங்க?" என்று பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருமே இதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்கள். முதலாளியிடம் ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. வாரக்கூலி கொடுத்தாகிவிட்டது, தேசியக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலேயே கொடுத்தாகிவிட்டது, அதோடு கடமை முடிந்தது என்று நம்பியிருந்தார்.

வெல்டர் அதோடு விடவில்லை. தொழிற்சங்க அமைப்பாளர் ஒருவரைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கேட்டது ஒன்றே ஒன்று: தன்னை எந்த அவார்டின் எந்தப் படியில் (அதாவது எந்த வேலைத் தரநிலையில்) வைத்திருக்கிறீர்கள், ஏன் என்று எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் எனக்குத் தொலைபேசி வந்தது.

அவர் வாங்கிக்கொண்டிருந்தது மணிக்கு 25.50 டாலர். 2024 ஜூலை 1 அன்று தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.10 டாலர் ஆகியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் குறை தெரியாது. ஆனால் உற்பத்தித் துறை அவார்டில் தொழில் கற்ற கைவினைஞருக்கான சி10 படியின் அன்றைய வீதம் 27.17 டாலர். மணிக்கு 1.67, 38 மணி நேர வாரத்துக்கு 63.46 டாலர் குறைவு.

இது ஏன் இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. மென்பொருள் சனிக்கிழமை ஓவர்டைமுக்கு முதல் 2 மணி நேரம் ஒன்றரை மடங்கும் அதற்கு மேல் இரண்டு மடங்கும் போட்டுக்கொண்டிருந்தது. உற்பத்தி அவார்டில் முதல் 3 மணி நேரம் ஒன்றரை மடங்கு, அப்புறம்தான் இரண்டு. 5 மணி நேரச் சனிக்கிழமைக்கு அவருக்குக் கிடைத்தது 229.50 டாலர், கிடைத்திருக்க வேண்டியது சுமார் 230.95. வித்தியாசம் ஒன்றரை டாலர்கூட இல்லை. அதனால் ஓவர்டைம் தாராளமாகத் தெரிந்தது, வாரநாட்களில் விழுந்த பள்ளம் அதற்குள் மறைந்துவிட்டது.

முதலாளி எந்தத் தொழிலில் இருக்கிறார்

உற்பத்தித் துறை அவார்டின் முழுப்பெயர் மானுஃபாக்சரிங் அண்ட் அசோசியேட்டட் இண்டஸ்ட்ரீஸ் அண்ட் ஆக்குபேஷன்ஸ் அவார்டு 2020. பட்டியலில் அதன் எண் எம்.ஏ.000010. பெயரில் 2020 இருந்தாலும், நவீன அவார்டாக 2010 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. பழைய உலோகத் தொழில் அவார்டுகளின் வழித்தோன்றல் என்பதால் படிவரிசையில் அந்த வாடை இன்னும் உண்டு.

யாருக்குப் பொருந்தும் என்பதை அதன் 4 ஆம் பிரிவு சொல்கிறது. ஆஸ்திரேலியா முழுவதும் இந்தத் தொழில்களில் இருக்கும் முதலாளிகளும், அவார்டின் படிவரிசையில் இடம்பெறும் வேலைகளைச் செய்யும் அவர்களுடைய ஊழியர்களும். இந்த வாக்கியத்தில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன, இரண்டையும் தாண்ட வேண்டும். முதலாளி அந்தத் தொழிலில் இருக்க வேண்டும், ஊழியரின் வேலையும் படிவரிசைக்குள் வர வேண்டும். பலர் ஒரு வாசலோடு நின்றுவிடுகிறார்கள். "எங்களுடையது தொழிற்சாலை, ஆகவே எல்லோருக்கும் மானுஃபாக்சரிங்" என்பதும் பிழை. "நான் வெல்டர், ஆகவே நான் எங்கே வேலை செய்தாலும் மானுஃபாக்சரிங்" என்பதும் அப்படியே ஏற்கத்தக்கது அல்ல. பராமரிப்பு வேலை போன்ற சில தொழில்களுக்கு இந்த அவார்டு முதலாளியின் துறையைத் தாண்டியும் போகிறது என்றாலும், அது தனி வழி.

முதல் வாசலில் இந்த நிறுவனத்துக்குச் சிரமமே இல்லை. உலோகப் பொருட்களைச் செய்தல், பூட்டுதல், வடிவமைத்தல், அவற்றுக்கு வண்ணம் பூசுதல், மெருகேற்றுதல், பழுதுபார்த்தல், நிறுவுதல் எல்லாம் 4 ஆம் பிரிவில் வரிசையாக இருக்கின்றன. அவற்றோடு தொடர்புடைய, அவற்றுக்குத் துணையான எல்லாச் செயல்பாடுகளும் என்று கடைசியில் ஒரு அகலமான சொற்றொடரும் உண்டு.

முதலாளி இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்டார். தொடக்கத்தில் மொத்த வியாபாரம்தானே, பதிவிலும் அப்படித்தானே இருக்கிறது? பதிவுப் பெயர் தீர்மானிப்பதில்லை. நிறுவனத்தின் கணிசமான இயல்பு என்ன என்பதைப் பார்க்க வேண்டும். 1990 இல் ஃபெடரல் நீதிமன்றம் தீர்த்த ஜாய்ஸ் எதிர் கிறிஸ்டோஃபர்சன் வழக்கு இந்தச் சோதனைக்கு வழக்கமாக எடுத்துக்காட்டப்படுவது. ஆட்கள் எதில் நேரம் செலவிடுகிறார்கள், இடமும் இயந்திரமும் எதற்கு, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது உற்பத்தி நிறுவனம். இன்னும் கொஞ்சம் இறக்குமதி செய்வது அதை மாற்றாது.

தேசியத் தொழிலுறவுச் சட்ட முறைக்குள் இந்த நிறுவனம் வருகிறதா என்ற கேள்வியில் நேரம் செலவிடத் தேவைப்படவில்லை. விக்டோரியா 1996 இலேயே தன் தொழிலுறவு அதிகாரங்களைக் காமன்வெல்த்திடம், அதாவது மத்திய அரசிடம், ஒப்படைத்துவிட்டது. அவார்டுக்குப் பதிலாக ஊழியர்களோடு கூட்டாகப் போடும் நிறுவன ஒப்பந்தம் எதுவும் இங்கே இருக்கவில்லை, இருந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

ஆள் ஆளாகப் பார்த்தது

இரண்டாவது வாசலுக்கு வேலைப் பட்டியலை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்தால் போதாது என்பது என் கருத்து. தொழிற்சாலைக்குள் நின்று, ஒவ்வொருவரும் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்தோம். வேலைக் கடிதத்தில் எழுதியிருப்பதற்கும் கையில் இருக்கும் வேலைக்கும் இங்கே பல இடங்களில் தூரம் இருந்தது. சட்டத்திலும் இதற்கு அடிப்படை உண்டு. 2002 இல் கார்பென்டர் எதிர் கொரோனா மானுஃபாக்சரிங் வழக்கில் அன்றைய தொழிலுறவு ஆணையத்தின் முழு அமர்வு, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணினால் மட்டும் போதாது, அந்த ஆள் முக்கியமாக எந்த நோக்கத்துக்காக வேலைக்கு வைக்கப்பட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்றது.

வெல்டர்கள் இரண்டு பேரும் அவார்டுக்குள் வருவதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் படியில்தான். இந்த வரிசையில் எண் குறையக் குறையப் படி உயரும் என்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். சி14 அடிமட்டம், சி10 முழுக் கைவினைஞர். சி10 க்குத் தொழிற்சான்றிதழோ அதற்கு இணையான அங்கீகாரமோ எதிர்பார்க்கப்படுகிறது. இலங்கைச் சான்றிதழ் தானாகவே இங்கே இணையாகிவிடாது. முதலாளி முதலில் இதைப் பிடித்துக்கொண்டு சி11 போதும் என்றார். ஆனால் அவர் ஆள் தேடியபோது போட்ட விளம்பரத்தில் தகுதி பெற்ற ஃபேப்ரிகேஷன் (உலோகத்தை வெட்டி ஒட்டிப் பொருள் செய்யும்) கைவினைஞர் வேண்டும் என்றுதான் இருந்தது. வரைபடத்தைப் படித்துத் தகடு வெட்டி, மேற்பார்வை இல்லாமல் வேலையை முடித்து, பயிற்சியாளரையும் கவனித்தவர் இவர். அந்தத் திறமையை வைத்து வாடிக்கையாளரிடம் விலை வாங்கிவிட்டு, சம்பளத்தின்போது மட்டும் காகிதம் இல்லை என்று சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

பொருள் அறையில் இருந்தவர் விஷயத்தில்தான் முதலாளிக்கு நம்பிக்கை இருந்தது. இவராவது கிடங்கு ஆள்தானே? சரக்கை இறக்குகிறார், எண்ணுகிறார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆனால் அவர் கையாளுவது விற்பனைக்கு வந்த சரக்கை அல்ல, பெரும்பாலும் தொழிற்சாலைக்கு வேண்டிய தகடுகளையும் குழாய்களையும், அங்கே செய்து முடித்த பொருட்களையும்தான். உற்பத்தி அவார்டின் சி12 படியில், பொருட்களையும் உதிரிகளையும் பெறுதல், அனுப்புதல், பதிவுசெய்தல், உற்பத்தியோடு ஒட்டிய இருப்புக் கட்டுப்பாடு, ஃபோர்க்லிஃப்ட் இயக்குதல் எல்லாம் உதாரண வேலைகளாகவே தரப்பட்டிருக்கின்றன. ஒரு முதலாளி ஒன்றுக்கு மேற்பட்ட அவார்டுகளுக்குள் வந்தால், செய்யும் வேலைக்கும் அது நடக்கும் சூழலுக்கும் மிகப் பொருத்தமான படி எந்த அவார்டில் இருக்கிறதோ அதுவே பொருந்தும் என்றும் அவார்டு சொல்கிறது. இவரும் உற்பத்திக்குள் வந்தார்.

அலுவலகத்தில் பில் போட்டு, தொலைபேசி எடுத்து, சம்பளம் போடும் அம்மா வெளியே வந்தார். உற்பத்தி அவார்டில் பொது எழுத்தர் வேலைக்குப் படி கிடையாது. தனியார் துறை எழுத்தர்களுக்கு கிளார்க்ஸ் அவார்டு தனியாக இருக்கிறது. அவருடைய மேசை தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே இருப்பதால் எதுவும் மாறாது.

டிராயிங் போடும் இளைஞர், கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர். தான் இன்ஜினியர், ஆகவே பொறியாளர்களுக்கான புரொஃபஷனல் எம்ப்ளாயீஸ் அவார்டுதான் தனக்கு என்று எதிர்பார்த்தார். அவருடைய ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த அவார்டு பார்ப்பது செய்யும் கடமைக்குப் பட்டதாரிப் பொறியாளரின் தகுதி தேவைப்படுகிறதா என்பதை. அவர் செய்தது வாடிக்கையாளரின் அளவுகளை வைத்து விவர வரைபடம் தயாரிப்பதும் வெட்டும் இயந்திரத்துக்குக் கோப்பு அனுப்புவதும். உற்பத்தி அவார்டின் தொழில்நுட்பப் பிரிவு இந்த வகை டிராஃப்டிங் வேலையை வெளிப்படையாகவே உள்ளடக்குகிறது. உற்பத்தி அவார்டு என்றால் கையில் கரி படிந்தவர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எதிர்காலத்தில் அவருக்கு வடிவமைப்புப் பொறுப்பு கொடுக்கப்பட்டால் கேள்வி மறுபடி எழும் என்று குறித்து வைத்தோம்.

உணவகங்களுக்கான மரக் கவுண்டர்கள் செய்யும் தச்சர் ஒருவர் இருந்தார். அவர் இடம் எளிதாக முடிவாகவில்லை. மரச்சாமான் உற்பத்திக்கு டிம்பர் இண்டஸ்ட்ரி அவார்டு இருக்கிறது. கடை உள்ளலங்காரத்துக்கும் ஜாய்னரி என்ற மரப் பொருத்து வேலைக்கும் ஜாய்னரி அண்ட் பில்டிங் டிரேட்ஸ் அவார்டு இருக்கிறது. எவர்சில்வர் மேல்தட்டு பொருந்திய கவுண்டரில் மரத்தை வேலை செய்பவர் எங்கே நிற்கிறார்? பொருத்தும் இடத்துக்கு நேரில் போய் வேலை செய்யும் கடை உள்ளமைப்பாளர் மாதிரியான வேலை அவருடையது. அதனால் ஜாய்னரி பக்கம் சாய்ந்தோம்.

மேசைகளையும் புகைக்கூண்டுகளையும் உணவகத்தில் கொண்டுபோய்ப் பொருத்தும் இருவருக்கும் இதே போன்ற எல்லைப் பிரச்சினை. கட்டுமானத் தளத்தில் நடக்கும் வேலைக்குத் தனி அவார்டு உண்டு. ஆனால் இவர்கள் வாரத்தில் பெரும்பாலான நேரம் தொழிற்சாலையில் பூட்டுகிறார்கள், வெளியே போவது தாங்கள் செய்த பொருளை ஓடிக்கொண்டிருக்கும் உணவகத்தில் வைத்து இணைக்க. நிறுவுதல் என்ற சொல் உற்பத்தி அவார்டின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அங்கேயே வைத்தோம்.

உற்பத்தி மேலாளர், முதலாளியின் மைத்துனர். ஆள் எடுப்பது, நீக்குவது, விலை தீர்மானிப்பது எல்லாம் அவர் கையில். பாரம்பரியமாக அவார்டுக்குள் வராத மேலாண்மைப் பதவிகளை அவார்டு உள்ளே இழுக்கக் கூடாது என்று சட்டத்தின் 143 ஆம் பிரிவே சொல்கிறது. அவர் வெளியே. ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கும் மூத்த தொழிலாளி அப்படி வெளியே போவதில்லை, அவருக்குத் தலைமைப் பொறுப்புக்கான அலவன்ஸ் சேரும்.

மிச்சம் இரண்டு பேர் 19 இல் சேராதவர்கள். பவுடர் கோட்டிங் செய்பவர் ஏ.பி.என். என்ற சொந்தத் தொழில் பதிவு எண் வைத்துக்கொண்டு வாரந்தோறும் பில் கொடுப்பவர். கோட்டிங் வேலை அவார்டுக்குள் அட்டகாசமாகப் பொருந்துகிறது, ஆனால் அவார்டு ஊழியர்களுக்கு மட்டுமே. அவர் ஊழியரா? வாரத்தில் ஐந்து நாளும் இங்கேதான், நிறுவனத்தின் அறை, நிறுவனத்தின் கருவி, வேலை நேரத்தைச் சொல்வது மேலாளர், வேறு வாடிக்கையாளர் கிடையாது. 2024 ஆகஸ்ட் 26 முதல் சட்டத்தின் 15ஏஏ பிரிவு, ஒப்பந்தக் காகிதத்தோடு நிற்காமல் உறவின் உண்மையான சாரத்தையும் நடைமுறையையும் முழுமையாகப் பார்க்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் அவர் ஊழியர் என்பதே என் கணிப்பு.

இன்னொருவர் ஆள் அனுப்பும் நிறுவனம் மூலம் வந்து மெருகேற்றும் வேலை செய்யும் பெண். அவருடைய முதலாளி அந்த நிறுவனம்தான். ஆனால் உற்பத்தித் தொழிலில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆள் அனுப்பினால், அங்கே வேலை செய்யும் காலத்துக்கு அனுப்புபவருக்கும் அந்த ஊழியருக்கும் இதே அவார்டு பொருந்தும். நம் நிறுவனம் "கிடங்கு உதவியாளர்" என்று எழுதிக் கேட்டதால், அவர்களும் கிடங்கு வீதத்தையே போட்டிருந்தார்கள். தவறு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு இப்படித்தான் கடந்து போயிருந்தது.

எடுத்த முடிவுகள்

எல்லோரையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா, அல்லது எந்த அவார்டு என்பது தெளிவானவர்களை முதலில் மாற்றலாமா என்று முதலாளி கேட்டார். தெளிவானவர்களுக்கு அடுத்த சம்பள நாளிலிருந்தே சரியான வீதம் தரச் சொன்னேன். தச்சர், பொருத்துபவர்கள், பவுடர் கோட்டிங் என்ற மூன்று எல்லைக் கேள்விகளையும் அவார்டுகள் கடைப்பிடிக்கப்படுவதைக் கண்காணிக்கும் ஃபேர் வொர்க் ஒம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பினோம், வேலை விவரமும் புகைப்படங்களும் சேர்த்து. அவர்களுடைய கருத்து நீதிமன்றத்தைக் கட்டாது. இருந்தும், கேட்டுவிட்டு அதன்படி நடந்தார் என்ற பதிவு ஒரு முதலாளிக்குப் பெரிய துணை. தொழிலாளிக்கும், தன் இடத்தை முதலாளியின் ஊகம் மட்டும் தீர்மானிக்கவில்லை என்ற நிம்மதி.

பழைய பாக்கிக்கு எவ்வளவு தூரம் பின்னால் போவது என்பதில் வாக்குவாதம் நடந்தது. கேட்டவருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று மேலாளர் நினைத்தார். பாக்கி கேட்டவருக்கு மட்டும் பிறப்பதில்லை. ஆறு ஆண்டுகள் வரை வழக்குப் போடலாம், சம்பளப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், பதிவு இல்லாவிட்டால் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி மேலேயே விழும். 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது குற்றமும் ஆகிறது. நேர்மையான பிழை அதில் வராது. ஆனால் பிழை தெரிந்த பிறகும் தொடர்வதை நேர்மையான பிழை என்று யாரும் ஏற்க மாட்டார்கள். இதைக் கேட்டபின் முதலாளியே முடிவெடுத்தார்: வேலை விட்டுப் போனவர்களையும் சேர்த்து, உற்பத்தி தொடங்கிய பிறகு ஆறு ஆண்டுக்குள் வரும் எல்லோருக்கும்.

சில ஓவர்டைம் மணிகளில் கூடுதலாகப் போனதைப் பிடித்துக்கொள்ளலாமா என்றும் கேள்வி வந்தது. ஊழியரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கழிப்பது ஆபத்து. அதைவிட முக்கியமாக, பிழையைக் கண்டுபிடித்தவர்களிடமே கை நீட்டுவது தொழிற்சாலைக்குள் என்ன விளைவை உண்டாக்கும் என்று யோசிக்கச் சொன்னேன். விட்டுவிட்டார்கள்.

நடந்தது

ஒவ்வொரு சம்பளக் காலத்தையும் தனித்தனியாகப் புதிய வீதத்தில் போட்டுப் பார்த்தோம். ஆண்டு முழுவதையும் மொத்தமாகக் கூட்டிக் கழிப்பது வசதி, ஆனால் ஒரு வாரக் குறையை இன்னொரு வார மிகுதி விழுங்கிவிடும். கைவினைஞர்களுக்குக் கருவிகளுக்கான அலவன்ஸும் சேர்ந்தது. பாக்கித் தொகைக்கு உரிய சூப்பரையும் (ஓய்வுக்காலச் சேமிப்புக்கு முதலாளி கட்டும் தொகை) வரி அலுவலக விதிகளின்படி சேர்க்க வேண்டியிருந்தது. அதைக் கணக்கில் எடுக்காமலே பலர் பாக்கி முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வெல்டர்கள் இருவரையும் சி10 இல் வைக்க முதலாளி ஒப்புக்கொண்டார். யாழ்ப்பாணத்து வெல்டர் இதோடு நிறுத்தாமல், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் பயிற்சி நிறுவனம் ஒன்றில் ஃபேப்ரிகேஷன் தொழிலுக்கான சர்டிஃபிகேட் 3 பெற்றார். கட்டணத்தை நிறுவனம் கொடுத்தது. அடுத்த தொழிற்சாலைக்குப் போனாலும் அவருடைய படி இனி கேள்வியாகாது.

ஒம்பட்ஸ்மன் அலுவலகத்தின் பதில், தச்சரிலும் பொருத்துபவர்களிலும் எங்கள் வாசிப்போடு ஒத்துப்போனது. புதிதாகக் கட்டும் இடங்களில் நீண்ட காலம் வேலை எடுத்தால் கட்டுமான அவார்டை மறுபடி பார்க்கும்படி ஒரு எச்சரிக்கையும் இருந்தது. பவுடர் கோட்டிங் விஷயத்தில் அவர்கள் உண்மை நிலவரத்தைப் பொறுத்தது என்றே சொன்னார்கள். முதலாளி அவருக்கு ஊழியராகச் சேர விருப்பம் உண்டா என்று கேட்டார். கையில் வரும் தொகை குறையும் என்று முதலில் தயங்கினார். ஆண்டு விடுமுறை, நோய் விடுப்பு, விபத்துக் காப்பீடு, சூப்பர் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தபின் சேர்ந்தார்.

ஆள் அனுப்பும் நிறுவனத்துக்குத் திருத்திய வேலை விவரம் போனது. விக்டோரியாவில் 2019 முதல் இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம், உரிமம் இல்லாதவரிடமிருந்து ஆள் எடுப்பவரும் தண்டனைக்குள்ளாவார். பொதுப் பதிவேட்டில் பார்த்தோம், உரிமம் இருந்தது. அவர்கள் அந்தப் பெண்ணின் வீதத்தைத் திருத்தினார்கள். பழைய பாக்கியைப் பற்றிய பேச்சு நான் விலகும்வரை முடியவில்லை.

அந்த வெல்டரிடம் யாரும் முகம் சுளிக்காமல் இருந்தார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வாரம் மேலாளர் பேசவில்லை. கேள்வி கேட்டதற்காக ஒருவருக்குத் தீங்கு செய்வது சட்டத்தின் 340 ஆம் பிரிவுக்கு எதிரானது என்பதை முதலாளி மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தார். பாக்கி தங்கள் கணக்கிலும் விழுந்தபோது மற்றவர்களின் பேச்சும் மாறியது.

மாற்றியமைத்தவை

புதிய ஆள் சேரும்போது பழைய பதிவை நகலெடுக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை எழுதுகிறார்கள். அந்த ஆள் முக்கியமாக எதற்காக எடுக்கப்படுகிறார், எந்த அவார்டு, எந்தப் படி, ஏன். அதன் நகல் ஊழியருக்கும் போகிறது. பேஸ்லிப்பில் அவார்டின் பெயரைப் போட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் இங்கே இப்போது பெயரும் படியும் இருக்கின்றன.

ஒவ்வொரு ஜூலையிலும் புதிய வீதம் வரும்போது வீதத்தை மட்டும் மாற்றாமல், வேலை மாறியவர்கள் யார் என்றும் பார்க்கிறார்கள். 2025 ஜூலையில் டிராயிங் இளைஞருக்குப் புதிய புகைக்கூண்டு வடிவமைப்பின் முழுப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. அவருடைய கேள்வி மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது. இம்முறை அதை எடுத்து வந்தவர் முதலாளி.